கைநாட்டு வைக்காத விரல்

தம்புசாமி ஜெயித்தவற்றைச் சொல்வதென்றால் முதலில் தாய்ப்பாலைத்தான் சொல்ல வேண்டும். அது இல்லாமலே பிழைத்தான். பிறந்த மறுநாளே தாயைப் பறிகொடுத்த பிள்ளை, கஞ்சித் தண்ணீரில் நனைத்த துணி நுனியை உறிஞ்சிக்கொண்டே கரை சேர்ந்தது. கப்பலில் இருந்த யாரும் அது கரை சேரும் என்று நினைக்கவில்லை. அடுத்தது மலைக்காய்ச்சல். மலாயாவில் கிள்ளானுக்கு அப்பால் காட்டை அழித்துப் போட்ட அந்தப் புதுத் தோட்டத்தில், அவனிருந்த கூலி லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை அது கொண்டுபோயிற்று. அவனை மூன்று முறை பிடித்து மூன்று முறையும் விட்டது. இருபது வயது தாண்டுவதற்குள், சீனர்களைத் தவிர வேறு யாரையும் நெருப்புப் பக்கம் நிறுத்தாத ஒரு செங்கல் சூளையில் நெருப்புப் பார்க்கும் வேலையைப் பிடித்தான். 1926ஆம் வருஷ வெள்ளத்தில், ஒரு கதவுப் பலகையை வைத்துக்கொண்டு ஆற்றோரக் குடிசைகளிலிருந்து பிள்ளைகளைக் கரையேற்றினான். இரண்டு பிள்ளைகள் என்று சிலர் சொல்வார்கள். அது தப்பு, மூன்று. மூன்றாவது பிள்ளை மூச்சில்லாமல் வந்ததால் அதைச் சேர்க்காமல் சொல்கிறார்கள். தோளில் போட்டுத் தட்டியதில் அதுவும் அழுதது. கள்ளுக்கடை வாசலை அவன் ஒரு நாளும் மிதித்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றையும்விட அதைத்தான் அவன் அக்காள் இராஜம்மா பெரிதாகச் சொல்வாள். தம்புசாமிக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அப்பன் கன்னையா காய்ச்சலில் செத்தார். கருமாதி முடிந்த மறுநாள் கங்காணி லயத்துக்கு வந்து, அப்பன் பேருக்கு மகன் மண்வெட்டி தூக்க வேண்டும் என்றார். கன்னையா கைநாட்டு வைத்துத்தான் வந்தார், அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்றார். பையன் எழுந்து நின்று சொன்னான்:

"அப்பன் வெச்ச கைநாட்டு அப்பனோட போச்சுங்க. என் வெரலு இன்னும் என்கிட்டதான் இருக்கு."

கங்காணி கையை ஓங்கினார். அடிக்கவில்லை. பையன் கண்ணை மூடாமல் நின்றதுதான் அதற்குக் காரணம். இராஜம்மா அப்போது கல்யாணமாகி, ரயில் பாதை வேலை பார்த்த புருஷனோடு கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருந்தாள். கருமாதிக்கு வந்திருந்தவள் அன்றைக்கே தம்பியின் கையைப் பிடித்து அழைத்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவன் எங்கேயும் கைநாட்டு வைத்ததில்லை. சூளையில் சேரும்போதும் வைக்கவில்லை. சூளை முதலாளியான சீனத் தவுக்கேக்கு அவன் வேலைதான் தேவையாயிருந்தது, விரல் தேவைப்படவில்லை.

இத்தனையும் ஜெயித்த ஒருவனைக் கடைசியில் இரண்டே சொல்லில் மடக்கி மூலையில் வைத்தார்கள். கப்பல் ஆள் என்றார்கள்.

அவன் கப்பலில் பிறந்தது மெய். 1903ஆம் வருஷம், நாகப்பட்டினத்தில் ஏறியபோது தாய் நிறைமாதம். நாள் இருக்கிறது, கரையில் இறங்கித்தான் பெறுவாள் என்று நினைத்துத்தான் ஏற்றினார்கள். நடுக்கடலில் வலி கண்டது. பிள்ளை பிறந்து மறுநாள் மாலை தாய் அடங்கினாள். அவள் சேலையிலேயே சுற்றி, காலடியில் கனம் கட்டிக் கடலில் இறக்கினார்கள். இராஜம்மாவுக்கு அப்போது பதினொரு வயது. அழவிடாமல் அவள் கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டார்கள். கையில் பிள்ளை இருந்தால் எப்படி அழுவது? மறுநாள் காலை பினாங்கு தெரிந்தது. அந்தப் பிள்ளையை அவள்தான் சுமந்துகொண்டு ஏணியில் இறங்கினாள். அன்றிலிருந்து அவன் அவளுக்குத் தம்பி பாதி, மகன் பாதி.

அந்தக் கப்பலில் வந்து அந்தத் தோட்டத்தில் சேர்ந்தவர்கள், ஊர் வேறு சாதி வேறு என்றாலும், ஒருவருக்கொருவர் உறவு வைத்துக்கொண்டார்கள். மாமன் என்றும் மச்சான் என்றும் கூப்பிட்டுக்கொண்டார்கள். அது கப்பல் உறவு. ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் வந்தே ஆக வேண்டும். கல்யாணத்தில் கப்பல்காரர்களைத் தனி வரிசையாக உட்கார வைத்து, முதல் வெற்றிலைத் தட்டை அவர்களுக்குக் காட்டுவார்கள். அதிலும் முதல் தட்டு தம்புசாமிக்குத்தான். கடல் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைக் கொடுத்தது, அவன் தொட்டால் துலங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பல் முளைக்காத வயதில் ஆரம்பித்தது அது. ஐந்தாறு வயதில் அப்பனின் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, நரைத்த மீசைக்காரர்களுக்கு நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பான். இராஜம்மா எட்ட நின்று அதைப் பார்த்துப் பூரித்துப்போவாள். "கப்பல் பிள்ளை எங்க தம்பி" என்று தெரியாதவர்களுக்கும் சொல்வாள்.

அவன் வயதுப் பையன்களுக்கு மட்டும் அது கேலி. "தாத்தா வர்றாரு, வழி விடுங்கடா" என்பார்கள்.

இந்தப் பக்கம் அவர்கள் தாத்தா என்றால், அந்தப் பக்கம் கப்பல்காரர்கள் அவனைத் தங்கள் கூட்டத்தில் முழுசாகச் சேர்க்கவுமில்லை. பொங்கலுக்குக் கூடினால் அவர்கள் பேச்சு ஊரைச் சுற்றும். வாய்க்காலையும் வயலையும் சொல்லி ஆளுக்கொரு மூச்சு விடுவார்கள். தம்புசாமி கேட்டுக்கொண்டே இருப்பான். அவனுக்குச் சொல்ல எதுவும் இருக்காது. பக்கிரிசாமி என்று ஒரு கப்பல் மாமா, எதற்கும் ஒரு குத்தல் வைத்திருப்பார்.

"ஏன்டா மாப்ளே, ஊர நெனச்சு ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருக்கியா நீ?"

"பாக்காத ஊர நெனச்சு எப்படி மாமா அழுவுறது? எனக்குத் தெரிஞ்ச ஆறு கிள்ளான் ஆறுதான்."

"அப்பறம் என்னத்துக்குடா முதல் தட்டு உனக்கு? குடு இங்க!"

எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு தடவை கேட்டான்: "அக்கா, நான் எந்தக் கூட்டம்?"

"நீ என் கூட்டம்டா" என்றாள் இராஜம்மா. அப்போதைக்கு அது போதுமானதாக இருந்தது.

இராஜம்மாவின் புருஷன் ரயில் பாதையில் அடிபட்டுச் செத்தபின் அவள் ஒரு கடையின் பின்கட்டில் அறை எடுத்து ஆப்பம் சுட்டு விற்றாள். தம்புசாமியும் அங்கேதான் இருந்தான். கல்யாணம் கூடி வரவில்லை. இங்கே பிறந்த பெண்ணைக் கேட்டால், மாப்பிள்ளை பழைய ஆளாச்சே என்றார்கள். கப்பல்காரர் வீட்டில் கேட்டால், ஊரில் நிலமும் இல்லை சொந்தமும் தெரியாது, இவன் என்ன மாப்பிள்ளை என்றார்கள்.

இருபத்தொன்பதாம் வருஷம் பிரிக்பீல்ட்ஸில் வாலிபர் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். அதன் செயலாளர் வேலாயுதம். ஆங்கிலப் பள்ளியில் படித்தவர், சாமான் கடையில் கணக்கெழுதும் கிராணி வேலை, துடிப்பான பையன். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போட்டு, எழுத்துச் சொல்லித் தருவார்கள் என்று கேள்விப்பட்டுத் தம்புசாமி போனான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வாசலில் நின்ற பையன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்க பெஞ்சைக் காட்டினான். அங்கே பக்கிரிசாமி மாமாவும் இன்னும் நாலைந்து கப்பல்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சூளை நெருப்பு தம்புசாமியின் முகத்தில் பத்து வயதைக் கூட்டியிருந்தது. புருவம் கருகி, நெற்றி சுருங்கி, தலையில் எத்தனை கழுவினாலும் போகாத சாம்பல் நிறம்.

அன்றைக்கு வேலாயுதம் பேசினார். "நமக்கு முன்னால் கப்பல் ஏறி வந்தது கைநாட்டுத் தலைமுறை. காட்டிய இடத்தில் விரலை வைத்தார்கள், ஊற்றிய கள்ளைக் குடித்தார்கள், அடித்த அடியை வாங்கிக்கொண்டார்கள். நாம் அப்படியல்ல, இந்த மண்ணில் பிறந்தவர்கள்" என்றார். முன் பெஞ்சுகள் கைதட்டின. பின் பெஞ்சில் பக்கிரிசாமி மாமாவும் தட்டினார். அவருக்குக் காது மந்தம். தம்புசாமி தன் வலது கைக் கட்டை விரலைப் பார்த்தபடி இருந்தான்.

கூட்டம் முடிந்ததும் வேலாயுதம் பின்பக்கம் வந்தார். "பெரியவரே, கேட்டீங்களா? அந்தக் கள்ள மட்டும் விட்டுடுங்க. மத்தது தன்னால சரியாயிடும்."

"தொட்டாத்தானே தம்பி விடுறதுக்கு?"

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க லா. எங்கப்பாவும் வாயை ஊதச் சொன்னா மூஞ்சியத் திருப்பிக்குவாரு."

"உங்களுக்கு என்ன வயசு தம்பி?"

"இருபத்திநாலு."

"எனக்கு இருபத்தாறு."

வேலாயுதம் ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்துத் தோளில் தட்டினார். "அதான் வேணும். மனசுல இளமையா இருந்தாப் போதும் பெரியவரே."

எழுத்து வகுப்பு முன் பெஞ்சுக்காரர்களுக்கு மட்டும் என்று தெரிந்தது. பின் பெஞ்சுக்குச் சுகாதாரமும் மதுவிலக்கும்தான். தம்புசாமி வீட்டுக்கு வந்து, ஆப்ப மாவு சலித்துக்கொண்டிருந்த அக்காளிடம், "என் பேரை எழுதிக் காட்டு" என்றான். தோட்டத்துக் கோயில் பள்ளியில் இரண்டு வருஷம் படித்தவள் இராஜம்மா. முறத்து மாவில் விரலால் எழுதிக் காட்டினாள். அவன் அதைக் குனிந்து வெகுநேரம் பார்த்தான்.

பழகியது சூளையில்தான். காயாத பச்சைக் கல்லில் ஆணியால் கீறிப் பார்ப்பான். முழுப் பேரை ஒரே கல்லில் கீறினால் யார் வேலை என்று மேற்பார்க்கும் மண்டோருக்குத் தெரிந்துவிடும். அதனால் ஒரு கல்லுக்கு ஒரு எழுத்து. ஒன்றில் 'த', ஒன்றில் 'ம்', ஒன்றில் 'பு'. தவுக்கே பார்த்துவிட்டு யாரென்று தெரியாமல் எல்லாரையும் மலாயில் திட்டுவார், எல்லாருக்கும் சேர்த்து அவன் மலாயிலேயே சமாதானம் சொல்வான். கற்கள் வெந்து வண்டி ஏறிப்போகும். அந்த எழுத்துகள் கோலாலம்பூரில் எந்தெந்தச் சுவருக்குள் இருக்கின்றனவோ, யாருக்குத் தெரியும்? 'சா' மட்டும் அவனுக்குச் சீக்கிரம் பிடிபடவில்லை. அதிகமான கற்களில் இருப்பது அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு விலை விழுந்தது. ரப்பர் விழுந்தது, ஈயம் விழுந்தது, வீடு கட்டுகிறவர்கள் கட்டுவதை நிறுத்தினார்கள். முப்பதாம் வருஷக் கடைசியில் சூளையை அணைத்துவிட்டார்கள். கடைசி நெருப்பை அணைத்தவனும் தம்புசாமிதான். தோட்டங்களிலிருந்து வேலை போனவர்கள் மூட்டை முடிச்சோடு வந்து கடைகளின் முன்நடையான அஞ்சடிகளில் படுத்திருந்தார்கள். அவர்களுக்காக ஒரு முகாம் திறந்தார்கள். முகாமுக்குப் போனால் சோறு உண்டு. சோற்றுக்குப் பின்னால் ஊருக்குத் திருப்பியனுப்பும் கப்பல்.

முப்பத்தொன்றாம் வருஷத் தொடக்கத்தில் ஒரு வழி பிறந்தது. புதுச் சடக்கு, அதாவது ரோடு, போடும் மண் வேலைக்கு வாலிபர் சங்கம் பேர் கொடுத்தால் ஆள் எடுப்பார்கள் என்றார்கள். சங்கம் இரண்டு விதி வைத்திருந்தது. இந்த நாட்டில் பிறந்தவராக இருக்க வேண்டும், கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலை கிடைத்தால் தம்புசாமி இங்கே இருக்கலாம். கிடைக்காவிட்டால் அவனுக்கு வேறு கதி இல்லை. இது இராஜம்மாவுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

முந்தின நாள் பக்கிரிசாமி மாமா ஆப்பம் தின்ன வந்தவர் சொன்னார்: "கிள்ளான்ல பொறந்தேன்னு சொல்லித் தொலைடா மாப்ளே. யாரு வந்து பாக்கப்போறா? எனக்குத்தான் மூஞ்சியிலயே கப்பல் தெரியுது. உனக்கென்ன?"

தம்புசாமி நகத்தை ஒட்ட வெட்டி, கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தான். பேனா பிடிக்கும் கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

மறுநாள் சங்கத்து வராந்தாவில் மேசை போட்டு வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். இராஜம்மா ஆப்பக் கூடையோடு எதிரே மழைமர நிழலில் நின்றாள். அங்கிருந்து எல்லாம் கேட்டது.

"பெரியவரே, முதியவங்க வரிசை அந்தப் பக்கம்."

"எனக்கு இருபத்தெட்டுதான் ஆவுது தம்பி. முன்னயே சொன்னேன்."

"ஆமா ஆமா, சொன்னீங்க." வேலாயுதம் பேனாவை மையில் தோய்த்தார். "எங்க பொறந்தீங்க?"

தம்புசாமி திரும்பி அக்காளைப் பார்த்தான். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று இராஜம்மா உள்ளுக்குள் கெஞ்சினாள்.

அவன் பேசாமல் நின்றதைப் பார்த்து வேலாயுதமே குரலைத் தாழ்த்தினார். "கிள்ளான்னு எழுதிக்கட்டுமா?"

"கப்பல்ல" என்றான் தம்புசாமி.

பின்னால் நின்றவர்களில் யாரோ சிரித்தார்கள். வேலாயுதம் பேனாவைக் கீழே வைத்தார்.

"என்ன பெரியவரே இது. நான்தான் எடுத்துக் குடுத்தேனே."

"கையெழுத்துப் போடுவேன் தம்பி. அஞ்சு எழுத்தும் வரும். பேனாவக் குடுத்துப் பாருங்க."

"அது ரெண்டாவது கேள்வி. நீங்க முதல் கேள்வியிலயே நின்னுட்டீங்களே." அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, அது நடிப்பில்லை. "பக்கத்து மேசைக்குப் போங்க. ஓசிக் கப்பலுக்குப் பேர் எழுதுறாங்க. ஊருக்குப் போயிடலாம்."

"எந்த ஊருக்கு?"

"உங்க ஊருக்குத்தான்."

"இந்தா நிக்கிறேனே தம்பி, இதான் என் ஊரு."

"நேரமாவுது பாட்டையா, நவுரு லா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். தம்புசாமி நகர்ந்தான். பக்கத்து மேசைக்குப் போகவில்லை. நேரே படியிறங்கி வந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் இராஜம்மா பொரிந்தாள். "கிள்ளான்னு ஒரு வார்த்தை சொன்னா நாக்கு வெந்துடுமா? உன்னை வளத்தவ நான், எனக்காவ ஒரு பொய் சொல்லக் கூடாதா?"

அவன் கூடையை அவளிடமிருந்து வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். முன்னால் நடந்துகொண்டே சொன்னான்: "ஆத்தா கடல்ல கெடக்குறா. நான் கிள்ளான்ல பொறந்தேன்னா, அவ எதுக்கு அங்க கெடக்குறா அக்கா?"

இராஜம்மா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மாசங்கள் போயின. ஆப்பம் வாங்குகிறவர்கள் குறைந்தார்கள். கையில் காசிருந்தால்தானே வாங்குவார்கள்? தம்புசாமி விறகு பிளந்தான், பாசாரில் மூட்டை தூக்கக் காத்து நின்றான். ஒரு மூட்டைக்குப் பத்துப் பேர் ஓடினார்கள். வீட்டுக்கு வந்தால் இராஜம்மா தட்டு வைப்பாள். "நீ?" என்றால், "நான் அப்பவே தின்னாச்சு" என்பாள். ஒரு நாள் உச்சி வெயிலில், வழக்கத்துக்கு முன்னாலேயே அவன் திரும்பிவிட்டான். மாவுப் பானையைக் கழுவிய தண்ணீரில் உப்புப் போட்டு அவள் குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டான். அன்று சாயங்காலம் உட்கார்ந்து அடுப்பை மண் குழைத்துப் பூசினான். சுவர் உயரத்துக்கு விறகு அடுக்கினான். ஓட்டை விழுந்த குடத்தை அடைத்தான். காலையில், "போய்ட்டு வரேன்க்கா" என்றான். வேலை தேடித்தான் போகிறான் என்று அவள் நினைத்தாள்.

அவன் முகாமில் இருக்கிறான் என்று பக்கிரிசாமி மாமா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அவரும் அங்கேதான் இருந்தார். இராஜம்மா ஓடினாள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தம்புசாமி சிரித்தான்.

"இங்க வேளைக்குச் சோறுக்கா. இனிமே நீ உன் பங்கைத் தின்னு."

"வாடா வீட்டுக்கு. கஞ்சியோ தண்ணியோ சேர்ந்து குடிப்போம்."

"என்னைப் பார்த்தா உனக்குப் பசிக்காது. அதான் வந்துட்டேன்."

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கப்பலில் அழாததையும் சேர்த்து அன்றைக்குத்தான் அழுதாள்.

கப்பல் நாளன்று முகாம்காரர்களை ரயிலில் போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கொண்டுபோனார்கள். இராஜம்மா தன் காசில் சீட்டு வாங்கிக் கூடவே போனாள். விடியற்காலையில் எழுந்து ஆப்பம் சுட்டு வாழையிலையில் கட்டி எடுத்துப் போயிருந்தாள். துறைமுகக் கொட்டகையில் வரிசை நகர்வதற்கு முன் ஆப்பப் பொட்டலத்தை அவனிடம் கொடுத்தாள். அவன் பிரித்துப் பார்த்து, ஒன்றை மட்டும் தனியே இலையில் மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

"அது யாருக்குடா?"

"ஆத்தாவத் தாண்டித்தானே போறேன். வெறுங்கையோடயா போறது?"

மேற்கொண்டு நடந்ததை, அதே கப்பலில் போய் அங்கே பக்கத்திலேயே இருந்த பக்கிரிசாமி மாமா சொல்லித்தான் இராஜம்மா அறிந்தாள். அதற்கு மூன்று வருஷம் ஆயிற்று. முப்பத்துநான்கில் தோட்டங்களில் மறுபடி ஆள் எடுத்தபோது அவர் திரும்பி வந்தார். நேரே ஆப்பக் கடைக்கு வந்து, எதையும் தின்னாமல் உட்கார்ந்தார். அன்றைக்கு அவரிடம் ஒரு குத்தல்கூட இல்லை.

பினாங்கு தாண்டியதும் தம்புசாமி கப்பலில் வேலை செய்தவர்களிடமெல்லாம் போய், பெண்ணொருத்தியை இறக்கிய இடம் எது என்று கேட்டானாம். இருபத்தெட்டு வருஷத்துக்கு முந்தின இடத்தை யார் சொல்வது? ஒருவருக்கும் தெரியவில்லை. தண்ணீரில் எந்த அடையாளமும் இல்லை. அவன் அந்த ஆப்பத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, இடம் தவறிவிடக் கூடாதென்று, காலையிலிருந்து இருட்டும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கடலில் போட்டுக்கொண்டே போனானாம்.

ஊரில் கன்னையாவின் பங்காளிகள் அவனை மாட்டுக்கொட்டகையில் தங்க வைத்தார்கள். அவன் பேச்சில் கலந்த மலாய்ச் சொல்லைக் கேட்டுச் சிரித்தார்கள். பிள்ளைகள் பின்னாலேயே "பினாங்கான், பினாங்கான்" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். அங்கே அவனுக்கு அந்தப் பேர்தான். கிடைத்த கூலியை எடுத்துக்கொண்டு அவன் நாகப்பட்டினத்துக்கு நடந்தே போவானாம். கடற்கரையில் நின்று, கிழக்கே போகிற கப்பல் எப்போது என்று விசாரிப்பானாம்.

"'எங்கடா போவணும்'னு கேட்டேன். 'ஊருக்கு மாமா'ன்னான். 'இதாண்டா ஊரு'ன்னேன். 'இது உங்க ஊரு மாமா, என் ஊரு பிரிக்பீல்ட்ஸு'ன்னான்." பக்கிரிசாமி மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் ஒருநாளு அவனப் பாத்துக் கேட்டேனே, ஊர நெனச்சு அழுதிருக்கியான்னு. அங்க அழுதான்மா. தினமும் அழுதான்."

முப்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகை மாதம் காய்ச்சலில் செத்துப்போனான். மூன்று முறை பிடித்து விட்ட காய்ச்சல் நாலாவது முறை விடவில்லை. இருபத்தொன்பது வயது. 'வயசான பினாங்குக்காரன் ஒருத்தன் செத்துட்டான்' என்றுதான் அந்த ஊரில் பேசிக்கொண்டார்களாம்.

இங்கேயும் அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் பழைய கப்பல் ஆள், கைநாட்டுக் காலத்து ஆள் என்றுதான் சொல்கிறார்கள். வேலாயுதம்கூட நல்ல மனசோடு அப்படித்தான் சொல்கிறார். அதனால் துறைமுகத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது.

வரிசை நகர்ந்து தம்புசாமியின் முறை வந்தது. கொட்டகை மேசையில் ஒரு கிராணி. அவர் முன்னால் மைப்பெட்டி திறந்து கிடந்தது. காலையிலிருந்து எத்தனையோ விரல்களைப் பிடித்து அழுத்திய பழக்கத்தில், நிமிர்ந்து பார்க்காமலே தம்புசாமியின் கட்டை விரலைப் பற்றி மைக்கு இழுத்தார். தம்புசாமி கையை உருவிக்கொண்டான்.

"கைநாட்டு வெக்க மாட்டேனுங்க. பேனா குடுங்க."

"பேனாவா?" கிராணி நிமிர்ந்தார். "யோவ், கப்பல் ஆளுக்கு எதுக்கு லா பேனா? வைய்யா வெரல, பின்னால எத்தினி பேரு நிக்கிறாங்க பாரு."

"எங்கப்பன் வெச்சாரு. நான் வெக்கிறதில்லீங்க."

அதே குரல். கங்காணிக்கு முன்னால் பன்னிரண்டு வயதில் நின்ற அதே குரல். வழியனுப்ப வந்தவர்களைத் தடுத்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற இராஜம்மாவுக்கு, அங்கே நிற்கும் ஒருவருக்கும் தன் தம்பி யார் என்று தெரியாது, தனக்கு மட்டும்தான் தெரியும் என்று தோன்றியது. கிராணி முணுமுணுத்துக்கொண்டே பேனாவை உருட்டிவிட்டார்.

தம்புசாமி வேட்டி நுனியில் கையைத் துடைத்தான். பேனாவை, ஆணியைப் பிடிப்பது போலவே பிடித்தான். அதுவரை ஒரு கல்லுக்கு ஒரு எழுத்தாகவே எழுதியவன். ஐந்தையும் ஓரிடத்தில் சேர்த்து, காகிதத்தில் எழுதுவது அதுதான் முதல் தடவை. பின்னால் நின்றவர்கள் சலித்துக்கொண்டார்கள். அவன் அவசரப்படவில்லை. 'சா' வந்தபோது மட்டும் சற்று நின்றான், பிறகு அதையும் போட்டான். எழுதி முடித்துக் காகிதத்தைத் தூக்கி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற அக்காளுக்குக் காட்டினான். ஒரு எழுத்தும் பிசகவில்லை.

அதற்குக் கீழே கிராணி தேதியைப் போட்டார்: 14 ஆகஸ்டு 1931, வெள்ளிக்கிழமை.